சலாலா ரோட்டில் ஒரு பிரதோஷம்

போன ஆடி மாதம், ஒரு வியாழக்கிழமை, என் மனைவி சரோஜாவை ஓமன் நாட்டுப் பாலைவனத்தில் ஒரு பெட்ரோல் பம்பில் விட்டுவிட்டு நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர் போய்விட்டோம். இரண்டு கார்கள். ஒன்பது பேராகக் கிளம்பினோம்; எட்டுப் பேராகப் போய்க்கொண்டிருந்தோம். ஒருவருக்கும் தெரியவில்லை. வெளியே வெயில் நாற்பத்தாறு டிகிரி. அவளுக்கு வயது அறுபத்தாறு. சர்க்கரை நோய். அன்று பிரதோஷ விரதம் வேறு. கையில் போன் கிடையாது. தமிழைத் தவிர ஒரு பாஷையும் தெரியாது.

நம் பிரதோஷ வழிபாட்டுக் குழுவில் இதை எழுதித் தரும்படி நான்கு மாதமாகக் கேட்கிறார்கள். மனம் சாந்தமான பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன். சாந்தம் வருவதாகத் தெரியவில்லை. கோபத்தோடேயே எழுதுகிறேன். அன்பர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு ஆலையின் ஸ்டோர்ஸில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தேன். போல்ட், நட்டு, பேரிங் எல்லாவற்றையும் எண்ணி வாங்கி எண்ணிக் கொடுத்தவன். ஓய்வு பெற்ற பிறகும் எண்ணுவது நிற்கவில்லை. வீடு புதுவாயலில். பிரதோஷத்துக்கு இரண்டு பஸ் மாறித் திருப்பாச்சூர் சிவன் கோயிலுக்கு வருகிறேன். முப்பத்தோரு வருடமாக வருகிறேன். வந்த பிரதோஷங்களை டைரியில் குறித்திருக்கிறேன். எழுநூற்று முப்பத்தொன்பது.

என் மகன் பாஸ்கர் காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் இடத்தில் வேலையில் இருந்தான். ஆறு வருடமாக மஸ்கட்டில் இருக்கிறான். மகள் உமா, மாப்பிள்ளை, அவர்களுடைய இரண்டு பெண்கள், நாங்கள் இருவர் என்று ஆறு பேரையும் வரவழைத்தான். அங்கே அவன், மருமகள், ஒரு பேரன். மொத்தம் ஒன்பது. மஸ்கட்டிலிருந்து சலாலாவுக்குக் காரிலேயே போவது என்று முடிவு செய்தான். ஆயிரம் கிலோமீட்டர். அந்த மாதங்களில் சலாலாவில் சாரல் மழை பெய்யுமாம், மலையெல்லாம் பச்சையாக இருக்குமாம். பச்சை பார்க்கவா புதுவாயலிலிருந்து அரபு நாட்டுக்குப் போக வேண்டும்? எங்கள் ஊர்ப் பக்கம் நெல் வயல் இல்லையா? கேட்டேன். சிரித்தார்கள்.

கிளம்பும் நாள் பிரதோஷம் என்று நாள்காட்டியைக் காட்டினேன். "நைனா, லீவு அன்னிக்குத்தான் குடுத்தான். சாமி இன்னா பாஸ்போர்ட்டா கேக்கப் போறாரு? போற வழியிலயே கும்புட்டுக்க" என்றான் பாஸ்கர். எனக்கு வந்த கோபத்தில் என் கைக்கடிகாரத்தை ஓமன் நேரத்துக்கு மாற்ற மறுத்துவிட்டேன். அங்கே நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். நம் கோயிலில் நாலரைக்கு நந்திக்கு அபிஷேகம் தொடங்கும்போது எனக்குத் தெரிய வேண்டும் என்று அலாரம் வைத்துக்கொண்டேன். "மாமா, உங்க வாட்ச் இன்னும் புதுவாயல்லயே நிக்குது" என்று மாப்பிள்ளை கிண்டல் செய்தார்.

விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். பாஸ்கர் காரில் நாங்கள் ஐந்து பேர். மாப்பிள்ளை வாடகைக் கார் ஓட்டினார். திருவள்ளூரிலேயே வெளிநாட்டு லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். அதில் அவர்கள் நான்கு பேர். நான் ஒவ்வொரு நிறுத்தத்திலும், வண்டி எடுக்கும் முன், இறங்கி நின்று தலைகளை எண்ணினேன். ஐந்தும் நான்கும் ஒன்பது. "நைனா, நாங்க என்னா நட்டு போல்ட்டா?" என்று உமா கேட்டாள். ஆறு நிறுத்தத்தில் எண்ணினேன். ஆறிலும் சரியாக இருந்தது.

நாங்கள் நிறுத்திய ஏழாவது பம்பு ஹைமா என்ற ஊரைத் தாண்டி வந்தது. மணி பன்னிரண்டே முக்கால், அவர்கள் நேரம். சுற்றிலும் மணல். ஒரு பம்பு, ஒரு சின்ன மசூதி, ஒரு டீக்கடை, அவ்வளவுதான். நிழலில் நின்று எல்லோரும் புளிச்சோறு சாப்பிட்டார்கள். சரோஜா சாப்பிடவில்லை. பிரதோஷத்தன்று மாலை பூஜை முடியும்வரை சாப்பிடக் கூடாது என்பது நான் வைத்த ஏற்பாடு. காலையில் சர்க்கரை மாத்திரை மட்டும் போட்டிருந்தாள். மாத்திரை போட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மஸ்கட் வீட்டிலேயே மருமகள் சொன்னாள். "நாற்பத்தொரு வருஷமாக இருக்கிறாள், அவளுக்குப் பழக்கம்" என்று நான்தான் அடக்கினேன்.

சரோஜா ஒரு தண்ணீர் பாட்டிலைத் திறந்து முகம் கழுவினாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"காலைல முப்பத்தாறு பாட்டில் ஏத்தினோம். இப்ப பதினொண்ணு. மூஞ்சி கழுவ இதுதான் கெடச்சுதா? பின்னாடி குழா இல்ல?"

"ஏங்க, பாட்டில எண்ணிக்கினு வர்றதுக்குத்தான் என்ன இவ்ளோ தூரம் இட்டாந்தீங்களா? நான் உமா வண்டியிலயே வரேன். நீங்க உங்க பாட்டிலோட குடித்தனம் பண்ணுங்க."

பேரப் பிள்ளைகள் மூன்றும் விழுந்து விழுந்து சிரித்தன. மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். நான் போய் முன் சீட்டில் உட்கார்ந்து கதவை அடித்துச் சாத்தினேன். கண்ணை மூடிக்கொண்டேன். அந்த ஒரு நிறுத்தத்தில் நான் இறங்கவில்லை. எண்ணவில்லை.

அடுத்து நிறுத்தியது ஒரு மணி நேரம் கழித்து, எட்டாவது பம்பில். சமாதானமாகப் போகலாம் என்று ஒரு வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு உமாவின் வண்டிக்குப் போனேன். பின் சீட்டில் இரண்டு பெண்களும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"உங்க அம்மா எங்கே?"

"உன் வண்டியிலதான நைனா?"

அந்த வாழைப்பழம் எங்கே போயிற்று என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பாஸ்கர் உமாவைத் திட்டினான். உமா அவனைத் திட்டினாள். நான் இருவரையும் திட்டினேன். "உன் வண்டிக்குத்தானே வரேன்னு சொன்னா? அவ எறங்கிப் போறப்ப உன் கண்ணு எங்கடி இருந்துது?" என்றேன். அப்போதுதான் உமா அழுதுகொண்டே சொன்னாள்:

"பாத்தேன் நைனா. அம்மா எங்க வண்டில ஒக்காந்தாங்க. அப்பறம் பையத் தூக்கிக்கினு எறங்குனாங்க. 'எங்கம்மா போற'ன்னு கேக்க வாய் வரைக்கும் வந்துச்சு. நீதான் கெளம்புறப்ப எங்கன்னு கேக்கக் கூடாதுன்னு சின்ன வயசுல இருந்து அடிச்சு அடிச்சு சொல்லிக் குடுத்திருக்கியே. உன் வண்டிக்கே திரும்பிப் போறாங்க போலன்னு உட்டுட்டேன்."

வெளியே கிளம்புகிறவரை "எங்கே" என்று கேட்டால் காரியம் கெடும் என்பது நம்மில் பலரும் பார்க்கிற சகுனம்தான். "தூரமா?" என்று கேட்கலாம், "போய்ட்டு வா" என்று சொல்லலாம். ஆனால் என்னைப் போல் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கியவர் இருக்க மாட்டார். யாராவது கேட்டுவிட்டால் செருப்பைக் கழற்றி உள்ளே வந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, ஐந்து நிமிடம் உட்கார்ந்து, அப்புறம்தான் கிளம்புவேன். கேட்டவருக்கு அன்று முழுக்கத் திட்டு. மாப்பிள்ளை கல்யாணமான புதிதில் ஒரு தடவை கேட்டுவிட்டு இரண்டு வருடம் எங்கள் வீட்டுப் பக்கம் வராமல் இருந்தார். அப்படி வளர்த்தேன். அப்படியே நடந்துகொண்டாள் பெண். யாரைக் குற்றம் சொல்வது?

பாஸ்கர் போலீஸுக்குப் போன் செய்தான். பேசிக்கொண்டே என்னைப் பார்த்தான். "எந்த பம்புன்னு கேக்கறாங்க நைனா. பேரு இன்னா?"

"ஏழாவது" என்றேன்.

அவன் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. மஸ்கட்டிலிருந்து எத்தனை பம்பில் நின்றோம் என்று எனக்குத் தெரியும். ஒரு பம்பின் பெயர்ப் பலகையையாவது படித்தேனா? இல்லை. வேறு யாரும் படிக்கவில்லை. ஹைமாவைத் தாண்டி என்று மட்டும் பாஸ்கர் சொன்னான். வண்டி அனுப்புகிறோம் என்றார்கள்.

பேரப் பிள்ளைகளையும் உமாவையும் மருமகளையும் மாப்பிள்ளை பொறுப்பில் அங்கேயே விட்டுவிட்டு நானும் பாஸ்கரும் மட்டும் கிளம்பினோம். ரோட்டுக்கு நடுவே தடுப்பு. திரும்புவதற்கு வழி பதினான்கு கிலோமீட்டர் முன்னால் இருந்தது. மனைவி பின்னால் இருக்கிறாள். நாங்கள் முன்னால் போய்க்கொண்டிருக்கிறோம். பதினான்கு போய், பதினான்கு வந்து, அதற்கு மேல் நூற்றுப் பன்னிரண்டு. எனக்கு ரோட்டோரத்தில் தெரிந்த ஒவ்வொரு கறுப்புப் புள்ளியும் அவள் புடவையாகத் தெரிந்தது. கிட்டே போனால் கிழிந்த டயர். பதினேழு டயர்.

மூன்று மணிக்கு என் கடிகாரம் அடித்தது. அதில் நாலரை. திருப்பாச்சூரில் நந்திக்கு முதல் குடம் பால் ஊற்றும் நேரம்.

அன்பர்களே, நான் அப்போது கைகூப்பிப் பதிகம் பாடினேன் என்று எழுத ஆசைதான். பாடவில்லை. திட்டினேன். வாய்விட்டு, சத்தமாக. "பாசூர் பெருமானே, எழுநூற்று முப்பத்தொன்பது தடவை வந்தேனே, ஒரு தடவையாவது எனக்கென்று கேட்டிருக்கிறேனா? மழையில் வந்தேன். பஸ் இல்லாத நாளில் பாதி தூரம் நடந்து வந்தேன். காய்ச்சலோடு வந்தேன். ஒரு நாள் வரவில்லை, அதுவும் என் தப்பில்லை, அதற்கு இதுவா? உன் கணக்கில் நியாயம் இல்லையா? அவள் உனக்காகத்தானே பட்டினி கிடக்கிறாள்?"

"யாரைத் திட்டுற நைனா?" என்றான் பாஸ்கர். தன்னைத் திட்டுகிறேன் என்று நினைத்துவிட்டான். அவன் கண்ணில் நீர் ஓடிக்கொண்டிருந்தது. கை மட்டும் ஸ்டியரிங்கை விடவில்லை.

அதைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ உடைந்தது. அவளுக்குப் பட்டினி போட்டது நான். கேட்காதே என்று பிள்ளைகளின் வாயைக் கட்டியது நான். வீம்பு பிடித்து எண்ணாமல் விட்டதும் நான். சாமியிடம் எந்த முகத்தோடு கணக்குக் கேட்கிறேன்? "நான் வந்த நாள் எல்லாவற்றையும் நீயே எடுத்துக்கொள். ஒன்றுமே வரவில்லை என்று வைத்துக்கொள். எனக்கு எந்தப் பாக்கியும் வேண்டாம். அவளை மட்டும் காட்டு" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக எண்ணாமல் ஐந்தெழுத்தைச் சொல்லிக்கொண்டே போனேன்.

மூன்றே முக்காலுக்கு ஏழாவது பம்பு தெரிந்தது.

டீக்கடை வாசலில், நிழலில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் சரோஜா உட்கார்ந்திருந்தாள். தலையில் ஈரத்துண்டு. கையில் கண்ணாடி கிளாஸ். என்னைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.

"பாட்டில் எத்தன பாக்கி?" என்றாள்.

"நாலு" என்றேன். சொல்லிவிட்டு அவள் காலடியில் அப்படியே உட்கார்ந்து அழுதேன். எழுபத்தொரு வயதில், பெட்ரோல் பம்பில், நாலு டிரைவர்கள் பார்க்க.

நடந்தது இதுதான். உமாவின் வண்டியில் உட்கார்ந்தவள் பாத்ரூம் போக இறங்கியிருக்கிறாள். பெண்கள் பாத்ரூம் பூட்டியிருந்திருக்கிறது. மசூதிக்குப் பின்னால் இன்னொன்று இருப்பதாகக் கையைக் காட்டியிருக்கிறார்கள். போய்விட்டு வந்தால் வண்டிகள் இல்லை. கால் மணி நேரம் நின்று பார்த்திருக்கிறாள். கொஞ்சம் முன்னால் போய் நிழலில் நிறுத்தியிருப்போம் என்று நினைத்து ரோட்டோரமாகவே நடக்கத் தொடங்கிவிட்டாள். சலாலா பக்கமாக. நிழல் என்று ஒன்று அந்தப் பக்கம் கிடையவே கிடையாது.

அவளை நிறுத்தியவர் அந்த டீக்கடையில் வேலை செய்யும் ஜமால் பாய். வயது ஐம்பது இருக்கும். ஊர் பழவேற்காடு. ஆமாம், நம் பழவேற்காடுதான். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"கடைக்குள்ள கிளாஸ் கழுவிக்கினு இருந்தேன் பெரியவரே. வெளிய யாரோ திட்டிக்கினு போற சத்தம். 'பாட்டில எண்ணுவான், பொண்டாட்டிய எண்ண மாட்டான், இன்னா மனுசன்யா இவன்'னு. பதினோரு வருசமா இங்க அரபி கேட்டுட்டேன், இந்தி கேட்டுட்டேன், மலையாளம் கேட்டுட்டேன். இது நம்ம ஊருத் திட்டாச்சேன்னு அப்படியே ஓடியாந்தேன். 'எங்கம்மா போறீங்க'ன்னேன். அதுக்கு அம்மா என்னப் பாத்து, 'போறப்ப எங்கன்னு கேக்கறியே, வெளங்குமா'ன்றாங்க!"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இன்னா சொல்றது? 'அம்மா, நீங்க போற பக்கம் நூறு கிலோமீட்டருக்கு ஒரு மரம் கெடயாது. கேக்காம உட்டா எனக்குத்தான் வெளங்காது'ன்னேன். கையப் புடிச்சு இட்டாந்து ஒக்கார வெச்சேன். ஒடம்பெல்லாம் ஒதறலு, வேர்வ. சக்கரயத் தூக்கலாப் போட்டு டீ குடுத்தேன். விரதம்னாங்க. 'குடிங்க, சாமிகிட்ட நான் பேசிக்கறேன்'னு சொல்லிக் குடிக்க வெச்சேன். அப்பறம் நாலு பேரீச்சம்பழம்."

அவர் நம்பர் கேட்டபோது சரோஜாவுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது என் நம்பர் ஒன்றுதான். என் போன் அங்கே வேலை செய்யாது என்று நான் அணைத்துப் பைக்குள் போட்டிருந்தேன். அவர் பதினோரு தடவை கூப்பிட்டிருக்கிறார். பம்பின் பெயர் தெரியாததால் போலீஸ் வண்டி எங்களுக்குப் பின்னால்தான் வந்து சேர்ந்தது.

இனி நான் கோபப்பட வேண்டிய இடம். சலாலா போய்ச் சேர்ந்ததும் மாப்பிள்ளை சொன்னார்: "மாமா, அந்த பாய் பதினோரு வருசமா அங்கயேதான் இருக்காரு. இதுல சாமி எங்க வந்தாரு?" திரும்பி வரும்போது எல்லாப் பம்பிலும் வண்டியை நிறுத்தச் சொன்னேன். யாருக்கும் பிடிக்கவில்லை. நிறுத்தச் சொன்னேன். ஒவ்வொன்றிலும் இறங்கி, "இங்கே தமிழ் தெரிந்தவர் உண்டா?" என்று கேட்டேன். பத்தொன்பது பம்பு. தமிழ் பேசுகிறவர் இருந்தது ஒன்றே ஒன்றில். பத்தொன்பதில் அந்த ஒன்றில்தான் அவளை விட்டுவிட்டுப் போயிருக்கிறேன்.

ஆனால் இன்னொரு கணக்கு இருக்கிறது. அதை மறைத்தால் இது சாட்சி ஆகாது. ஜமால் பாய் அவளுக்கு டீ கொடுத்தபோது மணி என்ன என்று நான் கேட்டேன். இரண்டு பத்து என்றார். என் போனுக்கு அவர் முதல் தடவை அழைத்த நேரம் அவர் போனில் இருந்தது, அதையும் பார்த்தேன். நான் சாமியைக் கூப்பிட்டது மூன்று மணிக்கு. ஐம்பது நிமிடம் வித்தியாசம். நான் கேட்டதால் சாமி கொடுத்தார் என்று என்னால் எழுத முடியாது. நான் "உன்னிடம் நியாயம் இல்லையா" என்று கத்திக்கொண்டிருந்தபோது, அவள் டீ குடித்து முடித்து, தலையில் ஈரத்துண்டோடு நிழலில் உட்கார்ந்திருந்தாள். நான் கேட்பதற்கு முன்பே கொடுத்துவிட்டு, என் வசவையும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார். நினைத்தால் இப்போதும் என் மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

வெளிநாட்டில் காரில் போகிற அன்பர்களுக்குச் சொல்கிறேன். சொல்லியும் கேட்காமல் போனால் என்னிடம் வந்து அழ வேண்டாம். ஆளுக்கு ஒரு உள்ளூர் சிம் வாங்குங்கள், வயதானவர்களுக்கு முதலில். மகன், மகள் நம்பரைக் காகிதத்தில் எழுதி அவரவர் பையில் போடுங்கள். என் மனைவிக்கு நான் அதைக்கூடச் செய்யவில்லை. நிற்கிற இடத்தின் பெயரைப் படியுங்கள். யார் எந்த வண்டி என்று காலையில் சொன்னதை நடுவழியில் மாற்றாதீர்கள். சண்டை போடுங்கள், வேண்டாம் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, ஆனால் சண்டை போட்ட நிறுத்தத்தில்தான் கட்டாயம் தலைகளை எண்ண வேண்டும். சர்க்கரை மாத்திரை போட்டவரை விரதம் இருக்க வைக்காதீர்கள். சாமி கேட்கவில்லை. நான்தான் கேட்டேன்.

இப்போது எங்கள் வீட்டில் யார் கிளம்பினாலும் எங்கே என்று கேட்கிறோம். சரோஜா கீரை வாங்கப் போனாலும் கேட்கிறேன். எரிச்சலோடு பதில் சொல்கிறாள். அந்தப் பதில் வந்தால் போதும் எனக்கு. பிரதோஷ டைரியை நிறுத்திவிட்டேன். ஊருக்கு வந்த பிறகு எத்தனை தடவை வந்தேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

திரும்பி வந்த முதல் பிரதோஷத்தன்று சரோஜாவும் நானும் திருப்பாச்சூர் வந்தோம். அவள் காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தாள். அர்ச்சனைத் தட்டைக் கொடுத்து, ஜமால் என்ற பெயருக்கு என்றேன். பின்னால் வரிசையில் நின்றவர் எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும். குருக்கள் ஒன்றும் கேட்கவில்லை; நட்சத்திரம் மட்டும் கேட்டார். எனக்குத் தெரியாது. வெளியே வந்து ஜமால் பாய்க்குப் போன் செய்தேன். "அதெல்லாம் நமக்கு எங்க பெரியவரே? துவா பண்ணா போதும், யாரு பண்ணாலும் அது போய்ச் சேந்துரும்" என்று சிரித்தார்.

திரும்பி உள்ளே போய், தெரியவில்லை சாமி என்றேன்.

"அதனால என்ன? நட்சத்திரம் தெரியலேன்னா சுவாமி பேருக்கே பண்ணிடறது வழக்கம்தானே" என்றார் குருக்கள். தட்டை வாங்கிக்கொண்டு போனார்.

சரோஜா என் கையைப் பிடித்துக்கொண்டாள். சுவாமி பெயரைச் சொல்லித்தான் அந்த அர்ச்சனை நடந்தது. யாருக்காக நடந்தது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். உள்ளே இருந்தவருக்கும் தெரியும்.

அன்பர்களே, உங்களுக்கும் கஷ்டம் வரும். கைகூப்ப முடிந்தால் கூப்புங்கள். முடியாவிட்டால் கோபத்தோடேயே கூப்பிடுங்கள், திட்டிக்கொண்டாவது கூப்பிடுங்கள். திட்டு கேட்டுத்தான் அன்றைக்கு ஒருவர் கடையை விட்டு ஓடி வந்தார்.